கேபினெட்டைத் திறந்து பார்ப்போம்: கணினிக்குள் எது எதற்காகக் காத்திருக்கிறது?

கணினியின் பாகங்களைப் படம் பார்த்து மனப்பாடம் செய்வதைவிட, ஒரு பழைய டெஸ்க்டாப்பின் மூடியைக் கழற்றி நேரில் பார்ப்பது எளிது. ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவரும் அரை மணி நேரமும் போதும்.

படி 1: மின்சாரத்தைத் துண்டியுங்கள்

சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பவர் ஒயரையே உருவிவிடுங்கள். அப்புறம் பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். போர்டில் மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். கேபினெட்டில் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள். நம் உடம்பில் சேரும் நிலைமின்சாரம் நமக்குத் தெரியாமலேயே சிப்புகளைக் கெடுத்துவிடக்கூடும்.

முன்பக்கம் நம்மைப் பார்த்தபடி இருந்தால், பெரும்பாலான கேபினெட்டுகளில் இடப்பக்க மூடியைக் கழற்ற வேண்டும்.

படி 2: எஸ்எம்பிஎஸ்ஸைக் கண்டுபிடியுங்கள்

பவர் ஒயர் போய்ச் சேரும் இரும்புப் பெட்டிதான் அது. வெளியிலிருந்து வரும் ஏசி மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் டிசியாக மாற்றி எல்லாப் பாகங்களுக்கும் தருகிறது. இதை மட்டும் பிரிக்கவே பிரிக்காதீர்கள். ஒயரை உருவிய பிறகும் உள்ளே இருக்கும் கெபாசிட்டர்களில் ஆபத்தான அளவு மின்சாரம் தேங்கியிருக்கும்.

படி 3: மதர்போர்டும் ப்ராசஸரும்

மற்ற எல்லாம் செருகப்பட்டிருக்கும் பெரிய பலகை மதர்போர்டு. பாகங்களுக்கு இடையே தகவல் ஓடும் பாதைகள் இதில்தான் இருக்கின்றன. நாணயம்போல ஒரு 3 வோல்ட் பேட்டரியும் தெரியும். கணினி அணைந்திருந்தாலும் அதன் கடிகாரம் ஓடுவது அதனால்தான்.

பெரிய மின்விசிறிக்கு அடியில் ஒளிந்திருப்பது, நிரல்களின் கட்டளைகளை நிறைவேற்றும் ப்ராசஸர், அதாவது சிபியு. மொத்தப் பெட்டியையே சிபியு என்று சொல்வது நம்மிடம் பழகிவிட்டது. உண்மையான சிபியு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதைப் பார்க்கும் ஆசையில் மின்விசிறியைக் கழற்ற வேண்டாம். கழற்றினால் இடையில் சூட்டைக் கடத்துவதற்காக இருக்கும் தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டியிருக்கும். நான் முதல்முறை கழற்றிய அன்று மின்விசிறியின் ஒயரைத் திரும்பச் செருக மறந்துவிட்டேன். சூடு தாங்காமல் கணினி தானே அணைந்துகொண்டது, நல்லவேளை.

படி 4: ரேமும் எஸ்எஸ்டியும்

ப்ராசஸருக்குப் பக்கத்தில் நீளமாக, நெட்டுக்குத்தாக நிற்பது ரேம். நம் கோப்புகளைச் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டி ஒரு தட்டையான சிறு பெட்டியாகவோ, மதர்போர்டிலேயே படுத்திருக்கும் பட்டையாகவோ இருக்கும். பழைய கணினி என்றால் அதே வேலைக்குக் கனமான ஹார்ட் டிஸ்க் இருக்கும்.

ரேம், எஸ்எஸ்டி இரண்டுமே தகவலை வைத்திருக்கின்றன. அப்படியானால், மின்சாரம் போனதும் எல்லாவற்றையும் மறந்துவிடும் ரேம் எதற்கு?

ஒரு கணக்குப் போடுவோம். 3 கிகாஹெர்ட்ஸ் ப்ராசஸர் என்றால் விநாடிக்கு 300 கோடி துடிப்புகள். அதில் ஒரு துடிப்பை ஒரு முழு விநாடியாக நீட்டிக்கொள்ளுங்கள். அந்த அளவில், ப்ராசஸர் கேட்ட தகவல் ரேமிலிருந்து வந்துசேர ஏறக்குறைய 5 நிமிடம் ஆகும். எஸ்எஸ்டியிலிருந்து வர மூன்று நாளுக்கு மேல். ஹார்ட் டிஸ்க் தன் தட்டைச் சுழற்றி, முனையை நகர்த்தி, தேடி எடுத்துத் தர ஏறக்குறைய ஒரு வருடம்! நிஜத்தில் அது வெறும் 10 மில்லிவிநாடிதான். ஆனால் ப்ராசஸருக்கு அது யுகம்.

அதனால்தான் நாம் ஒரு நிரலைத் திறந்ததும், அதற்குத் தேவையானவை எஸ்எஸ்டியிலிருந்து ரேமுக்கு ஏற்றப்படுகின்றன. ரேமின் 5 நிமிடம்கூட அதிகம் என்று, ப்ராசஸருக்குள்ளேயே கேஷ் என்றொரு சின்ன நினைவகம் வைத்திருக்கிறார்கள்.

படி 5: கிராஃபிக்ஸ் கார்டு

திரையில் தெரியும் காட்சியை உருவாக்கும் பாகம் இது. எல்லாக் கணினியிலும் தனியாக இருக்காது. பல ப்ராசஸர்களுக்குள்ளேயே அந்த வேலைக்கான பகுதி உண்டு. தனி கார்டு இருந்தால், மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகாமல் அந்தக் கார்டில் செருகுங்கள். திரையில் ஒன்றும் வரவில்லை என்ற புகாரில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும் என்பது என் அனுபவம்.

படி 6: மூடிவிட்டு இயக்குங்கள்

எல்லா ஒயர்களும் இருந்த இடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு பட்டனை அழுத்துங்கள். எஸ்எம்பிஎஸ் மின்சாரம் தரும். மதர்போர்டு சிப்பில் பதிந்திருக்கும் பயாஸ் என்ற தொடக்க நிரல், ரேமும் மற்ற பாகங்களும் சரியாக இருக்கின்றனவா என்று சோதிக்கும். பீப் பீப் என்று கத்தினால் பயப்பட வேண்டாம். முதலில் ரேமைக் கழற்றி, இரு முனைகளிலும் அழுத்தித் திரும்பச் செருகிப் பாருங்கள் (ஒயரை உருவிவிட்டுத்தான்). சோதனை முடிந்ததும் இயங்குதளம் எஸ்எஸ்டியிலிருந்து ரேமுக்கு ஏறும், திரை உயிர்பெறும்.

சரி, கணினி மெதுவாக இருக்கிறது, எதை மாற்றலாம்? விண்டோஸ் என்றால், வழக்கமாகச் செய்யும் வேலைகளைத் திறந்து வைத்துக்கொண்டு, எந்தப் பாகத்துக்கு எவ்வளவு வேலை என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். மெமரி எப்போதும் 90 சதவீதத்தைத் தாண்டி நின்றால் ரேம் போதவில்லை. டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்று, உள்ளே இருப்பது ஹார்ட் டிஸ்க்காகவும் இருந்தால், ப்ராசஸரில் பணம் போடாதீர்கள், எஸ்எஸ்டி வாங்குங்கள்.