லீட் பத்தலையா, இல்ல வந்த லீட் எங்கயோ போகுதா? கார் ஷோரூம் சேல்ஸை செக் பண்றது எப்படி

டார்கெட் விழாத மாசம் மீட்டிங்ல முதல்ல வர்ற பதில் "லீட் பத்தல சார்", அதாவது வண்டி வாங்க விசாரிச்சு நம்பர் குடுத்தவங்க போதலன்னு. உடனே விளம்பரத்துக்கு இன்னும் காசு போடுவாங்க, லீட் கூடும், புக்கிங் மட்டும் இருந்த இடத்துலயே இருக்கும். நான் இருந்த ஷோரூம்லயும் இதே கதைதான். அதைப் பிரிச்சுப் பாத்த வரிசையைத்தான் இங்க எழுதுறேன். சிஆர்எம்ல (கஸ்டமர் விவரத்தை ஏத்தி வைக்கற சாஃப்ட்வேர்) இருந்து டேட்டா எடுக்கத் தெரியும்னு வச்சுக்கறேன்.

ஸ்டெப் 1: எல்லாத்தையும் ஒரு எக்செல் ஷீட்ல இறக்குங்க. டேஷ்போர்டு கிராஃப் எல்லாம் முதலாளிக்குக் காட்ட நல்லாருக்கும், பிரச்சனை தேட உதவாது, எனக்கு பிவட் டேபிள்தான் (எக்செல்லயே வகை வாரியா எண்ணித் தர்ற அட்டவணை). ஒரே ஆளு ரெண்டு மூணு சைட்ல நம்பர் குடுத்திருப்பார், அதெல்லாம் தனித்தனி லீடா நிக்கும். போன் நம்பரை வச்சு டூப்ளிகேட் எடுங்க, நாட்டு கோடு, ஸ்பேஸ் எல்லாம் கழட்டிட்டு.

ஸ்டெப் 2: இந்த மாச புக்கிங்கை இந்த மாச லீடால வகுக்காதீங்க, இன்னைக்கு புக் பண்றவர் போன மாசமே விசாரிச்சவரா இருக்கலாம். ரெண்டு மூணு மாசம் முன்னாடி வந்த லீடை மட்டும் எடுத்து, போன்ல பேசினது, ஷோரூம் வந்தது, டெஸ்ட் டிரைவ், கொட்டேஷன், புக்கிங், டெலிவரின்னு ஒவ்வொண்ணுலயும் எத்தனை பேர் மிஞ்சினாங்கன்னு எழுதுங்க. ஆள் வாரியாவும் பிரிங்க. எல்லாருக்கும் ஒரே இடத்துல எண்ணிக்கை விழுந்தா சிஸ்டம்ல கோளாறு, ஒருத்தருக்கு மட்டும் விழுந்தா அவருக்கு டிரெய்னிங் வேணும்.

ஸ்டெப் 3: முதல் கால் எப்ப போச்சு? என்னை ரொம்ப நாள் சுத்த விட்டது இதுதான். ரிப்போர்ட்ல ரெஸ்பான்ஸ் டைம் ரெண்டு நிமிஷம்னு அழகா இருக்கும், ஆனா கஸ்டமர்கிட்ட கேட்டா "யாருமே கூப்பிடலையே"ம்பார். விஷயம் என்னன்னா, தானா போற "நன்றி, விரைவில் தொடர்பு கொள்வோம்" மெசேஜையும் சிஆர்எம் ரெஸ்பான்ஸா எண்ணிக்குது! அதனால சிஆர்எம்மை விட்டுட்டு கால் லாக்கை எடுங்க, அரை நிமிஷத்துக்கு மேல பேசின முதல் காலை மட்டும் கணக்குல வைங்க, சராசரி வேண்டாம், மீடியன் (வரிசையா அடுக்கினா நடுவுல வர்ற நேரம்) பாருங்க. அப்புறம் லீட் வந்த மணி வாரியா பிரிங்க, ஷோரூம் மூடினப்புறம் வந்ததெல்லாம் மறுநாள் மத்தியானம் வரைக்கும் தூங்குறது அப்பதான் தெரியும். 2011ல ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூல அமெரிக்க கம்பெனிகளை வச்சு ஒரு ஆய்வு வந்துச்சு. ஒரு மணி நேரத்துக்குள்ள கூப்பிட்டவங்களுக்கு, இன்னும் ஒரு மணி நேரம் கழிச்சு கூப்பிட்டவங்களைவிட, முடிவெடுக்கற ஆளோட உருப்படியா பேச கிட்டத்தட்ட 7 மடங்கு வாய்ப்பு இருந்துச்சாம்.

ஸ்டெப் 4: லாஸ்ட் லீட்ல, அதாவது கைவிட்டுப் போச்சுன்னு மூடின லீட்ல, பாதிக்கு மேல காரணம் "விலை அதிகம்"னு இருந்தா நம்பாதீங்க, லிஸ்ட்ல மேல இருக்கறதைத் தட்டிட்டுப் போயிருப்பாங்க. சேல்ஸ்ல இல்லாத ஒருத்தரை விட்டு அந்த கஸ்டமர்களுக்கு போன் போடச் சொல்லுங்க, ஒரே கேள்வி போதும்: "கடைசில என்ன வண்டி எடுத்தீங்க?" அதே மாடலை வேற டீலர்கிட்ட எடுத்திருந்தா வண்டி அவருக்குப் பிடிச்சிருக்கு, நம்மகிட்டதான் ஏதோ சரியில்ல. "இன்னும் எடுக்கல"ன்னா அது லாஸ்ட்டே இல்ல, திரும்ப ஓபன் பண்ணுங்க.

ஸ்டெப் 5: டெஸ்ட் டிரைவுக்கு அப்புறம் விழுந்தா மூணு இடம் பாருங்க. பழைய வண்டிக்கு எக்ஸ்சேஞ்ச் விலை சொல்ல எவ்வளவு நேரமாகுது, லோன் பேப்பர் எங்க நிக்குது, கேக்கற வேரியண்ட்டும் கலரும் ஸ்டாக்ல இருக்கா. ஓடாத கலரா யார்டு நிறைய நின்னா எத்தனை லீட் வந்தும் புண்ணியமில்ல.

அப்டேட்: கமெண்ட்ல ஒருத்தர், தன் டீம்ல ஒரு ஆளுக்கு மட்டும் பத்துக்கு ஒன்பது புக்கிங் ஆகுது, எப்படின்னு கேட்டிருந்தார். அந்த சேல்ஸ் ஆளு நேரா ஷோரூம் வர்ற கஸ்டமர்களை புக்கிங் உறுதியானப்புறம்தான் சிஆர்எம்ல ஏத்தறாரு, வாங்காம போனவங்க கணக்குலயே இல்ல. இது இருந்தா ஸ்டெப் 2ல வர்ற ஆள் வாரி கணக்கே தப்பாயிடும். என்ட்ரியை ரிசப்ஷன்லயே போடுங்க, என்கொயரி நம்பர் இல்லாம டெஸ்ட் டிரைவ் சாவி தர வேண்டாம்னு சொல்லிடுங்க. முதல் வாரம் டீம்ல முணுமுணுப்பாங்க, விட்டுக்குடுக்காதீங்க.