ஒரே பேஸில் எரியும் டிஓ ஃபியூஸ்: என் அனுபவம்

மீனாட்சிபுரம் எல்லைப் பக்கம் ஒரு நார் மில். 250 கேவிஏ டிரான்ஸ்பார்மர், 22,000 வோல்ட் லைன். லைனுக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் நடுவில் பேஸுக்கு ஒன்றாக டிஓ (டிராப் அவுட், இழை எரிந்தால் கீழே தொங்கிவிடும்) ஃபியூஸ். அதில் நடு பேஸ் ஃபியூஸ் மட்டும் அடிக்கடி போகும். உடனே இரண்டு பேஸில் வோல்டேஜ் பாதியாகி, மோட்டார்கள் உறுமிக்கொண்டு நிற்கும்.

"ஃபியூஸுக்குத் தடிமனான கம்பி போடுங்கண்ணா" என்றார்கள் மில்லில். முழு லோடுக்கே 22,000 வோல்ட் பக்கத்தில் சுமார் 6.5 ஆம்பியர்தான், தடிமனாகப் போட்டால் டிரான்ஸ்பார்மருக்கு என்ன காவல்?

மெக்கர் (இன்சுலேஷன் சோதனை) சரி, மூன்று பேஸிலும் லோடும் சமம். லைனை ஆஃப் செய்து, எர்த் ராட் (லைனை நிலத்தோடு இணைக்கும் கம்பி) மாட்டி, அந்த ஃபியூஸைப் பார்த்தேன். மேல் காண்டாக்ட் கருகி, ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. அந்தச் சூடுதான் ஃபியூஸ் இழையைத் தின்றிருக்கிறது. பேரலின் (இழை இருக்கும் குழாய்) உள்குழாயும் அரித்திருந்தது. ஆர்க்கை அணைக்கும் வாயு அதிலிருந்துதான் வரவேண்டும்.

காண்டாக்ட், பேரல் இரண்டும் புதிது, இழை அதே அளவு. அப்புறம் அந்த பேஸ் போகவில்லை. நார்த்தூசி படிகிற இடம், மழைக்கு முன் துடைக்கச் சொல்லியிருக்கிறேன்.