அம்மாவின் நகை, புடவை, பாத்திரம்: உடன்பிறந்தவர்கள் மனம் கோணாமல் பிரித்துக்கொள்ள

வீடு, நிலம் என்றால் வக்கீல் இருக்கிறார், பத்திரப்பதிவு அலுவலகம் இருக்கிறது. பீரோவில் இருக்கும் பட்டுப்புடவைக்கும் பரண்மேல் கிடக்கும் வெண்கலப் பானைக்கும் வழி சொல்ல யாரும் இல்லை. மனக்கசப்பு அங்கேதான் முளைக்கிறது.

படி 1: பீரோவைப் பூட்டுங்கள்

பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை எதையும் எடுக்க வேண்டாம். சாவி எல்லாரும் நம்பும் ஒருவரிடம் இருக்கட்டும்.

படி 2: யார் யாருக்குப் பங்கு?

முதலில் உயில் இருக்கிறதா என்று தேடுங்கள். வெள்ளைத்தாளில் எழுதியிருந்தாலும், அம்மாவின் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் இருந்தால் போதும், பதிவு செய்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. உயில் இல்லையென்றால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகன், மகள், அப்பா எல்லாருக்கும் சம பங்கு. முன்பே இறந்துபோன அண்ணனின் பங்கு அவர் பிள்ளைகளுக்குப் போகும். (முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்குச் சட்டம் வேறு.) “அவளுக்குத்தான் சீர் செஞ்சு அனுப்பியாச்சே” என்ற பேச்சு சட்டத்தில் எடுபடாது. அப்பா இருந்தால் அவரைக் கேட்காமல் ஒரு டம்ளரைக்கூட நகர்த்தாதீர்கள்.

படி 3: பட்டியல்

எல்லாவற்றையும் நோட்டில் எழுதி, படம் எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடுங்கள். அடகுச் சீட்டு இருந்தால் அந்த நகையும் கடனும் சேர்ந்தே கணக்கில் வரும். லாக்கருக்கு நாமினியாக இருப்பவர் நகையை வாங்கிவரலாம், ஆனால் அதனாலேயே அது அவருடையது ஆகிவிடாது.

படி 4: நகைக்கு எடைதான் பேச்சு

எல்லாரும் கூட இருக்கும்போது ஒரே கடையில் எடை போட்டு, கல்லின் எடையைக் கழித்து, தரமும் பார்த்துவிடுங்கள். செய்கூலி, சேதாரத்தைச் சேர்க்காதீர்கள். 24 பவுன், மூன்று பேர் என்றால் தலைக்கு 8 பவுன், அதாவது 64 கிராம். அக்கா 10 பவுன் காசுமாலையை ஆசைப்பட்டுக் கேட்டால், மற்ற இருவருக்கும் 7 பவுன் நகையோடு தலா ஒரு பவுனுக்கு அன்றைய விலையில் பணம் கொடுத்துவிடலாம். சமமாக்குவதற்காக மாலையை அறுக்கவோ உருக்கவோ வேண்டாம்.

படி 5: விலை போட முடியாதவை

தையல் மெஷின், பெயர் வெட்டிய எவர்சில்வர் தூக்கு, சமையல் குறிப்பு நோட்டு. இங்கேதான் நிதானம் வேண்டும். ஆளுக்கு மூன்று பொருளை மற்றவர் பார்க்காமல் சீட்டில் எழுதட்டும். பிரித்துப் பார்த்தால் பலதும் மோதவே மோதாது. ஒரே பொருளை இருவர் கேட்டால் குலுக்கிப் போடுங்கள். மீதியைச் சுற்று முறையில் ஆளுக்கு ஒன்றாக எடுக்கலாம். ஒரு சுற்றில் கடைசியாக எடுத்தவர் அடுத்த சுற்றில் முதலில் எடுக்கட்டும்.

என்னைக் கேட்டால், முதல் சுற்றின் முதல் வாய்ப்பை அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவருக்குக் கொடுங்கள். படுக்கையில் கிடந்தவரைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, ராத்திரி கண்விழித்தவர் அதைக் கேட்கமாட்டார். மற்றவர்களாகச் சொல்ல வேண்டும். இந்த உட்காரலில் மருமகன், மருமகள் யாரும் வேண்டாம். அவர்கள் கெட்டவர்கள் என்பதற்காக இல்லை, பிள்ளைகள் மட்டும் இருந்தால் விட்டுக்கொடுப்பது சுலபம்.

போட்டோக்களையும் செல்போனில் இருக்கும் குரல் பதிவுகளையும் பிரிக்கவே வேண்டாம். எல்லாருக்கும் நகல் கொடுத்த பிறகுதான் போனை அழிக்க வேண்டும்.

படி 6: கையெழுத்து

யாருக்கு என்ன போனது என்று எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். யாரும் கேட்காத புடவைகளை அம்மாவுக்கு வீட்டுவேலையில் உதவியவருக்கு முதலில் காட்டுங்கள், அப்புறம் வெளியே கொடுக்கலாம்.