வாட்ஸ்அப்பில் சிரிக்கவும் தெரியணும்லா

"ஏலே சவத்து மூதி, எங்கலே தொலைஞ்ச?" பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஒருத்தன் இப்படிக் கத்தினால், கேட்கிறவன் பல்லைக் காட்டிக்கொண்டு வந்து தோளில் கை போடுவான். இதையே டைப் செய்து கோயம்புத்தூர் ஆபீஸ் நண்பருக்கு அனுப்பினால், மனுஷன் இரண்டு நாள் பேசமாட்டார். நம்ம ஊர்த் திட்டில் உள்ள பாசம் முழுக்கக் குரலில் இருக்கிறது. எழுத்தில் குரல் இல்லாததால் அந்த வேலையைச் சிரிப்புதான் செய்யணும்.

இந்தத் தொல்லை புதுசில்லை. 1982 செப்டம்பர் 19 அன்று அமெரிக்காவின் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானி ஸ்காட் ஃபால்மன் :-) என்ற குறியை முன்வைத்ததே, கணினியில் விளையாட்டாக எழுதியதைச் சிலர் நிஜமென்று எடுத்துக்கொண்டதால்தான்.

முதலில் எத்தனை ஹா என்பதைப் பார்ப்போம். ஒற்றை 'ஹா' சிரிப்பில் சேராது. "இதெல்லாம் ஒரு ஜோக்கா" என்றுதான் படும். இடைவெளி விட்டு 'ஹா ஹா' என்றால் மரியாதைக்குச் சிரித்தது. மூன்றைச் சேர்த்து 'ஹாஹாஹா' என்றால் நிஜமாகவே சிரிப்பாணி வந்திருக்கிறது என்று அர்த்தம். ஐந்தாறைத் தாண்டினால் நடிப்பு வாடை அடிக்கும், நெருங்கிய கூட்டாளிகளிடம் மட்டும் செல்லும். 'ஹா ஹா.' என்று முற்றுப்புள்ளி வைத்துவிட்டால் உள்ளே கோபம் இருக்கிறது. "திருநெல்வேலியா? அப்போ எல்லாருக்கும் அல்வாதான்!" என்று வெளியூர்க்காரர் புதுசாகக் கண்டுபிடித்த மாதிரி அனுப்புவார் பாருங்கள், அதற்குச் சரியான பதில் அந்த இடைவெளி விட்ட இரண்டு ஹா. மூன்று போட்டால் அடுத்த வாரமும் அதே ஜோக் வரும்.

ஹகரத்தோடு எந்த உயிரெழுத்து சேர்கிறது என்பதும் முக்கியம். 'ஹிஹி' அசடு வழிவதற்கும் குறும்புக்கும்; மச்சான், மைனி (அண்ணி), கொழுந்தன் முறைகளில் தாராளமாகப் போடலாம். மாமனாருக்கு வேண்டாம், எதையோ மறைக்கிற மாதிரி இருக்கும். 'ஹெஹெ' பாதி நக்கல். 'ஹோ ஹோ' நாடக ராஜா சிரிப்பு, பெரும்பாலும் தேவைப்படாது. 'கெக்கெக்கே' என்பது அடுத்தவர் சறுக்கியதைப் பார்த்துச் சிரிப்பது, சறுக்கினவரும் சேர்ந்து சிரிக்கிற கூட்டத்தில் மட்டும் எழுதுங்கள். 'அவ்வ்வ்வ்' சிரிப்பு மாதிரி தெரிந்தாலும் "நான் மாட்டிக்கிட்டேன்" என்ற வடிவேலு அழுகைதான். நம்மை நாமே கலாய்த்துக்கொள்ள அதைவிட நல்லது கிடையாது.

பலரும் கோட்டை விடுவது சிரிப்பை வைக்கிற இடத்தில். சிரிப்பு தனக்கு முன்னால் நிற்கிற வாக்கியத்தோடு ஒட்டிக்கொள்ளும். "மைனி, நேத்து வச்ச சொதி அருமை ஹாஹா" என்று அனுப்பினால், தேங்காய்ப்பால் திரிந்து போனதைக் குத்திக் காட்டுவதாகத்தான் அவர் எடுத்துக்கொள்வார். பாராட்டுக்குப் பின்னால் நேராகச் சிரிப்பு வந்தால் பாராட்டு கவிழ்ந்துவிடும். இப்படி எழுதிப் பாருங்கள்: "மைனி, நேத்து வச்ச சொதி அருமை. இன்னும் ரெண்டு கரண்டி கேக்கலாம்னு இருந்தேன், அண்ணன் முந்திட்டாவ ஹாஹாஹா." இப்போது பாராட்டு தனியாக நிற்கிறது, சிரிப்பு அண்ணன் தலையில் விழுகிறது.

திட்டுக்கு இதே விதி தலைகீழ். சிரிப்பைத் திட்டுச் சொல்லோடு ஒட்டியே வைக்கணும்: "ஏலே சவத்து மூதி ஹாஹாஹா, எங்கலே தொலைஞ்ச?" கடைசியில் கொண்டுபோய் வைத்தால், அதற்குள் படிக்கிறவருக்கு முகம் சுருங்கிவிடும். நம்ம பக்கத்து ஆளாக இல்லாவிட்டால் எத்தனை ஹா போட்டாலும் 'மூதி' வேலைக்கு ஆகாது; 'கோட்டிக்காரப் பய' வரைக்கும் நிறுத்திக்கொள்ளலாம். 'ஏட்டி' என்பது பெண்கள் தங்களுக்குள்ளும், வீட்டுப் பெரியவர்கள் சின்னவர்களிடமும் சொல்வது. அலுவலகத் தோழிக்கு ஆண்கள் எழுதக் கூடாது, சிரிப்பு போட்டும்தான்.

கடன் கேட்கும்போது சிரிக்கவே வேண்டாம். "மாப்ள, அந்த ரெண்டாயிரம் ஹிஹி" என்று எழுதினால் அவசரமில்லை என்று நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி.

இனி பொம்மை முகங்கள். குடும்பக் குழுக்களில் பெரிய விபத்து நடப்பது கேத வீட்டுச் செய்தியில்தான். பெரியவர் ஒருவர் காலமானார், அடக்கம் மாலை நான்கு மணிக்கு என்று செய்தி வரும். கீழே ஒரு சித்தப்பா கண்ணீர் விட்டுச் சிரிக்கிற முகத்தைப் போட்டிருப்பார். அவர் பார்த்தது கண்ணீரை மட்டும். அடையாளம் இதுதான்: சிரிப்பு முகத்தில் வாய் அகலத் திறந்து பல் தெரியும், கண்கள் வளைந்து மூடியிருக்கும், துளிகள் இரண்டு பக்கமும் வெளியே தெறிக்கும். அழுகை முகத்தில் வாய் கவிழ்ந்திருக்கும், ஒரே துளி ஒரு கன்னத்தில் இறங்கும். வாட்ஸ்அப்பில் மெசேஜை அழுத்திப் பிடித்தால் முதலில் வரும் ஆறில் சிரிப்பு மூன்றாவது, கண்ணீர் ஐந்தாவது, கும்பிடு கடைசி. கண்ணாடி போடாமல் போன் பார்க்கிறவர்களுக்கு, துட்டிச் செய்தி என்றால் கடைசியில் இருக்கிற கும்பிடை மட்டும் தொடச் சொல்லிக் கொடுங்கள்.

தப்பாகப் போட்டுவிட்டால் பதற வேண்டாம். ரியாக்‌ஷன் என்றால் மெசேஜின் கீழே ஒட்டியிருக்கும் முகத்தைத் தொட்டு, வருகிற பட்டியலில் உங்கள் பெயரைத் தொடுங்கள், போய்விடும். தனி மெசேஜாக அனுப்பியிருந்தால் 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். அதன் பிறகும், அனுப்பியதிலிருந்து சுமார் 60 மணி நேரம் வரை 'எல்லோருக்கும் நீக்கு' இருக்கும். அவசரத்தில் 'எனக்கு மட்டும் நீக்கு' என்பதைத் தொட்டால் உங்கள் போனில் மட்டும் மறையும், ஊரே அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். சில விநாடிகள் கீழே தெரியும் 'செயல்தவிர்' பொத்தானை உடனே பிடித்தால் தப்பிக்கலாம்.

வயசு வித்தியாசத்தையும் கணக்கில் வையுங்கள். 2015-ல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது இதே கண்ணீர்ச் சிரிப்பு முகத்தைத்தான். இப்போது காலேஜ் பிள்ளைகளில் பலருக்கு அது அப்பா அம்மா சமாச்சாரம். அவர்கள் சிரித்துச் செத்தேன் என்பதற்கு மண்டை ஓடும், தாரை தாரையாக அழுகிற முகமும் போடுகிறார்கள். தென்காசிப் பெரியப்பாவுக்கு மண்டை ஓடு அனுப்பினால் யாருக்கு என்ன ஆச்சோ என்று போன் வரும். பெரியவர்களுக்கு எழுத்தில் 'ஹாஹாஹா' போதும். லேசாகப் புன்னகைக்கும் மஞ்சள் முகத்தைப் பெரியவர்கள் அன்பாக அனுப்புகிறார்கள், இளசுகள் அதைப் பல்லைக் கடித்த சிரிப்பாகப் படிக்கிறார்கள். அத்தை அனுப்பினால் அன்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே முகத்தைப் பத்துப் பதினைந்து தடவை அடுக்குவதையும் விடலாம். பார்வையில்லாதவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான் பெரும்பாலும் அத்தனையின் பெயரையும் வரிசையாகப் படிக்கும். இரண்டு, மிஞ்சினால் மூன்று. அதுவும் வாக்கியத்தின் நடுவில் இல்லாமல் கடைசியில்.

டைப்பிங்கில் ஒரு சின்னச் சிக்கல். ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழாக்கும் கீபோர்டுகள் சிலவற்றில் துணைக்கால் வராமல் 'ஹஹஹ' என்று நிற்கும், மூச்சிரைப்பு மாதிரி இருக்கும். நெடிலுக்கு 'ஏ' என்ற ஆங்கில எழுத்தை இரண்டு தடவை தட்டணும். அடிக்கடி சிரிக்கிறவர்கள் கீபோர்டு அமைப்புகளில் சொந்த அகராதிக்குப் போய், 'ஹாஹாஹா' என்பதைச் சேர்த்து, குறுக்குவழியாக இரண்டு எழுத்தைக் கொடுத்துவிடுங்கள். அந்த இரண்டு எழுத்து வேறு சொல்லில் வராததாக இருக்கணும்; இல்லாவிட்டால் மேனேஜருக்கு லீவ் கேட்கும்போதும் அது நடுவில் வந்து எட்டிப் பார்க்கும்.