சந்தனக் கன்றில் எச்சில் நுரை: முதலில் தண்ணீர், பிறகுதான் மருந்து

ஒடுகத்தூர் பக்கம், ஜவ்வாது மலை அடிவாரத்தில் எங்களுக்குக் கொஞ்சம் மேட்டுநிலம். போன ஐப்பசியில் மழை விட்ட மறுநாள் போய்ப் பார்த்தால், இரண்டு வயசு சந்தனக் கன்றுகளில் கொழுந்துக்குக் கொழுந்து யாரோ துப்பிவிட்டுப் போன மாதிரி வெள்ளை நுரை. துணைச்செடியாக வைத்த துவரையிலும் அதேதான்.

நுரையை விரலால் வழித்துப் பாருங்கள். நொய் அளவுக்கு ஒரு குஞ்சு, தலைகீழாகத் தண்டில் ஒட்டியிருக்கும். அதுதான் நுரைப்பூச்சி. வேரிலிருந்து ஏறும் தண்ணியான சாற்றை உறிஞ்சுகிறது. அதில் சத்து ரொம்பக் குறைவு என்பதால் ஓயாமல் குடிக்கும். மிச்சத்தைப் பின்பக்கமாக வெளியேற்றி, காற்று கலந்து நுரையாக்கி அதற்குள் பதுங்கிக்கொள்ளும். றெக்கை முளைத்துவிட்டால் நுரை கிடையாது, தத்தித் தத்திப் போய்விடும்.

நான் நேராக மருந்தடித்தேன். 16 லிட்டர் டேங்க் முழுக்கக் காலி. மருந்து நுரைமேல் பட்டு வழிந்து போனது. மூன்றாம் நாளும் குஞ்சு உயிரோடு இருந்தது. அதனால் முதல் வேலை நுரையைக் கலைப்பதுதான்.

1. காலையில் வெறும் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். நாசிலைத் திருகி ஒற்றைத் தாரையாக வைக்க வேண்டும். இதற்கு பேட்டரி ஸ்பிரேயரை விட, பித்தளை நாசில் போட்ட பழைய கைப்பம்ப்தான் எனக்குப் பிடிக்கும். இடது உள்ளங்கையைக் கொழுந்துக்குப் பின்னால் அணை கொடுங்கள். கொடுக்காமல் அடித்ததில் எனக்கு நாலு நுனி ஒடிந்தது. கீழிருந்து மேலாக, இலைக்காம்பு பிரியும் இடுக்கில் அடியுங்கள். கீழே விழுந்த குஞ்சு வெயிலில் காய்ந்துவிடும், எறும்பும் தூக்கிப் போய்விடும். மூன்று நாள் கழித்து மறுபடி பாருங்கள்.

2. கன்றைச் சுற்றியுள்ள களையை எடுங்கள். ஆனால் கொத்தாதீர்கள், அரிவாளால் அறுங்கள். சந்தனம் பக்கத்துச் செடியின் வேரைப் பற்றித்தான் தண்ணீரும் சத்தும் எடுக்கிறது. மண்வெட்டி போட்டால் அந்தப் பிடி அறுந்துபோகும். நுரை இருக்கிறதே என்று துவரையைப் பிடுங்கிவிடாதீர்கள், அதையும் கழுவிவிட்டால் போதும்.

3. திரும்பத் திரும்ப வந்தால் மட்டும் வேப்பெண்ணெய், லிட்டருக்கு 5 மில்லி. முதலில் காதி சோப்புக் கரைசலில் வெள்ளையாகும்வரை அடித்துக் கலக்கிவிட்டுத் தண்ணீர் சேருங்கள். சாயங்காலம் தெளியுங்கள்.

நாலைந்து நுரைக்கெல்லாம் எதுவும் வேண்டாம், கையால் வழித்துப்போட்டால் போதும்.

பின்சேர்க்கை: "இது ஸ்பைக் நோயா?" என்று இரண்டு பேர் பயந்துபோய்க் கேட்டிருந்தார்கள். இல்லை. ஸ்பைக் நோய் வந்த மரத்தில் இலை சிறுத்து, விறைத்து, கிளை நுனியில் முள்முள்ளாக நெருங்கி நிற்கும், நுரை இருக்காது. அது பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரால் வருவது, தண்ணீரோ வேப்பெண்ணெயோ அதைத் தீர்க்காது. அப்படி இலை தெரிந்தால் வனத்துறை ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.