‘ரோந்தைக் கூட்டினோம், குற்றம் குறைந்தது’ என்று செய்தி வந்தால் எப்படிச் சரிபார்ப்பது

எதோடு ஒப்பிட்டார்கள் என்று முதலில் பாருங்கள். போன மாதத்தோடு என்றால் அதை அப்படியே நம்பாதீர்கள், ஏனென்றால் திருட்டு எக்கச்சக்கமாக ஏறிய மாதத்தில்தான் ரோந்தையும் கூட்டுவார்கள், அடுத்த மாதம் அது தானாகவே கொஞ்சம் இறங்கும். ஒன்றும் செய்யாமல் விட்ட, அதே மாதிரியான வேறொரு பகுதியில் என்ன ஆச்சு என்று தேடுங்கள்.

அமெரிக்காவில் கான்சாஸ் சிட்டி போலீஸ் இதைத்தான் செய்தது. 1972 அக்டோபரிலிருந்து ஓராண்டு, 15 ரோந்துப் பகுதிகளை ஐந்தைந்தாகப் பிரித்து, ஐந்தில் வழக்கமான ரோந்து, ஐந்தில் இரண்டு மூன்று மடங்கு, மீதி ஐந்தில் யாராவது கூப்பிட்டால் மட்டும் வண்டி உள்ளே போகும் என்று வைத்தார்கள். கடைசியில் குற்றத்திலும் சரி, மக்களின் பயத்திலும் சரி, சொல்லும்படியான வித்தியாசமே இல்லை. ரோந்து கூடியதும் குறைந்ததும் பெரும்பாலும் யார் கண்ணிலும் படவே இல்லை!

அப்போ ரோந்தே தண்டமா? அவசரப்படாதீர்கள், எங்கே நிறுத்தினார்கள் என்று பாருங்கள். அமெரிக்காவின் இன்னொரு நகரமான மினியாபொலிஸில் போலீசுக்கு வந்த அழைப்புகளை முகவரிவாரியாக அடுக்கியபோது, பாதி அழைப்புகள் வெறும் 3 சதவீத முகவரிகளிலிருந்து வந்திருந்தன. அப்படிப்பட்ட 110 இடங்களைக் குலுக்கிப் போட்டு, பாதியில் மட்டும் போலீசை அடிக்கடி நிறுத்தினார்கள். அங்கே குற்ற அழைப்புகள் குறைந்தன. நாள் முழுக்க நிற்கவும் தேவையில்லை. ஒரு தடவைக்கு 10 முதல் 15 நிமிடம் போதும், அதைத் தாண்டினால் பலன் இறங்குகிறது என்று 1995இல் கோப்பர் என்ற ஆய்வாளர் காட்டினார்.

அப்புறம், இடத்தை மாற்றினார்களா? குடித்து வண்டி ஓட்டுபவர்களைப் பிடிக்கும் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் திருப்பத்தில் பிடிப்பார்கள் என்பது டீக்கடை வரை தெரிந்துவிட்டால், குடித்தவர் பக்கத்துச் சந்து வழியாக வண்டியை ஓட்டிப் போய்விடுவார். ராஜஸ்தானில் சில காவல் நிலையங்களில் ஒரே இடத்திலும், சிலவற்றில் மூன்று இடங்களில் மாறி மாறியும் இந்தச் சோதனையை இரவில் நடத்திப் பார்த்தார்கள். மாற்றிய இடங்களில் இரவு விபத்து 17 சதவீதமும் இரவு விபத்துச் சாவு 25 சதவீதமும் குறைந்தன. ஒரே இடத்தில் நின்றதால் பலன் தெரியவில்லை. இன்னொன்று, இதற்கென்றே தனியாகப் போட்ட அணி, வண்டியில் ஜிபிஎஸ் இருந்ததாலோ என்னவோ, நிலையத்து ஆட்களைவிட ஒழுங்காகச் சோதனைக்குப் போனது. ஆகவே அறிவித்த ரோந்து உண்மையில் எத்தனை நாள் நடந்தது என்றும் கேட்டுவிடுங்கள்.

செய்தியில் இந்த எண்கள் இருக்காது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுவதாக இருந்தால், உங்கள் காவல் நிலையத்துக்கும் பக்கத்து நிலையத்துக்கும் மூன்று ஆண்டுக் குற்றக் கணக்கை மாதவாரியாகக் கேளுங்கள். ‘மொத்தம்’ என்று மட்டும் கேட்டால் ஒற்றை எண்தான் வரும்.