“சுவரில் சயனைடு இல்லை” என்று யாராவது சொன்னால்: ஆஷ்விட்ஸ் மறுப்பைச் சோதித்துப் பார்ப்பது எப்படி

தண்ணீரிலும் மண்ணிலும் நச்சு கலந்திருக்கிறதா என்று சோதித்து அறிக்கை கொடுப்பது என் தொழில். அதனால்தான் “ஆஷ்விட்ஸில் விஷவாயு அறையே கிடையாதாம், வேதியியலே நிரூபித்துவிட்டதாம், உண்மையா மேடம்?” என்று கேட்டு எனக்கு வீடியோ அனுப்புகிறார்கள். உண்மையில்லை. போலந்தில் நாஜி ஜெர்மனி நடத்திய அந்த வதைமுகாமில் சுமார் 11 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஏறக்குறைய 10 லட்சம் பேர் யூதர்கள். ஆனால் ‘பொய்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டால் கேட்டவரின் சந்தேகம் அப்படியே இருக்கும். அறிக்கையை எப்படிப் படிப்பது என்று அவருக்குக் காட்டிவிடுங்கள்.

முதலில் மூலத்தைத் தேடுங்கள். இந்த வீடியோக்களில் பெரும்பாலானவை 1988-இல் ஃப்ரெட் லூக்டர் என்ற அமெரிக்கர் எழுதிய அறிக்கையில்தான் போய் நிற்கும். கனடாவில் வழக்கில் சிக்கியிருந்த எர்ன்ஸ்ட் சுண்டல் என்ற, யூத இனப்படுகொலையே நடக்கவில்லை என்று மறுப்பவருக்காக அவர் போலந்து போனார். அனுமதி வாங்காமல் உளியால் சுவர்த் துண்டுகளைப் பெயர்த்து எடுத்து, அமெரிக்க ஆய்வகம் ஒன்றில் கொடுத்தார். சுவரில் சயனைடு கிட்டத்தட்ட இல்லை, ஆகவே விஷவாயு அறையும் இருந்ததில்லை என்று முடிவு கட்டினார். அவர் படித்தது வரலாற்றில் பி.ஏ. ஆனால் அதை வைத்து வாதாட வேண்டாம். வேதியியல் படிக்காதவரும் மாதிரியை ஒழுங்காக எடுக்க முடியும். எடுத்தாரா என்பதுதான் கேள்வி.

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். எண்ணைப் பார்க்கும் முன் மாதிரியைப் பாருங்கள். கொலைக்குப் பயன்பட்ட சயனைடு வாயு சுவரின் மேற்பரப்பில்தான் வினைபுரியும். லூக்டரின் மாதிரிகளைச் சோதித்த ஆய்வகத்தைச் சேர்ந்த வேதியியலாளரே பிறகு ஒரு பேட்டியில், அது 10 மைக்ரானுக்கு மேல் உள்ளே போயிருக்காது என்றார். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு அது. மாதிரி எங்கிருந்து வந்தது என்று சொல்லாததால் துண்டு முழுவதையும் இடித்துப் பொடியாக்கிச் சோதித்திருக்கிறார்கள். ஒரு பேப்பரை எடுத்து நீங்களே கணக்குப் போடுங்கள். 2 செ.மீ. தடிமனுள்ள துண்டு என்றால் 20,000 மைக்ரான். அதில் 10 மைக்ரான் படலத்தில் மட்டும் சயனைடு. பொடியாக்கியதும் அது 2,000 மடங்கு நீர்த்துப்போகும். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்களா என்று தெரிந்துகொள்ளச் செங்கல்லையே அரைத்துப் பார்ப்பது போன்ற வேலை இது. இத்தனைக்கும் சில மாதிரிகளில் சயனைடு தென்படவே செய்தது.

அப்புறம் கண்டறியும் எல்லையைக் கேளுங்கள். ‘இல்லை’ என்று அறிக்கையில் வந்தால் ‘இந்த அளவுக்குக் கீழே எங்களால் பார்க்க முடியாது’ என்றுதான் அர்த்தம். எங்கள் அறிக்கையிலும் அப்படித்தான். லூக்டருக்குச் சோதித்தவர்களின் எல்லை கிலோவுக்கு 1 மில்லிகிராம், அதாவது 1,000 மைக்ரோகிராம்.

அடுத்து வருவது நீலக்கறை வாதம். துணிகளில் பேன் ஒழிக்க, சயனைடு வாயுவை வெளியிடும் சைக்ளோன்-பி மருந்து போட்ட அறைகளின் சுவர் நீலமாக இருக்கிறது, கொலை அறைகளில் அந்த நீலம் இல்லையே என்பார்கள். பேன் சாக மனிதனைவிடப் பல மடங்கு செறிவு வேண்டும், மணிக்கணக்கில் வாயுவை அடைத்து வைக்கவும் வேண்டும். மனிதனைக் கொல்ல 300 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு 300 பங்கு) போதும், சில நிமிடங்கள் போதும். உடனே காற்றை வெளியேற்றிவிட்டார்கள். 1945 ஜனவரியில் அந்தக் கட்டடங்களை நாஜிகளே வெடிவைத்துத் தகர்த்தார்கள். லூக்டர் போனபோது இடிபாடுகள் 43 வருட மழையில் நனைந்திருந்தன. தவிர, சயனைடு இரும்போடு சேர்ந்து உண்டாகும் ‘பிரஷ்யன் ப்ளூ’ என்ற அந்த நீலச் சேர்மம் ஈரம், காரத்தன்மை, வாயு தங்கிய நேரம் எல்லாம் கூடிவந்தால்தான் உருவாகும்.

சரி, முறையான சோதனை எப்படி இருக்கும்? கிராக்கோவ் நகரத் தடயவியல் ஆய்வு நிறுவனத்தில் யான் மார்க்கிவிச் குழு செய்ததைக் காட்டுங்கள். முடிவுகள் 1994-இல் வெளியாயின. மழை படாத மூலைகளாகத் தேடி, ஒன்றிரண்டு கிராம் அளவுக்குச் சுரண்டி எடுத்தார்கள். நீலச் சேர்மம் எல்லா இடத்திலும் உருவாகாது என்பதால் அதை விட்டுவிட்டு மற்ற சயனைடுகளை மட்டும் அளந்தார்கள். கிலோவுக்கு 3, 4 மைக்ரோகிராம் இருந்தால்கூடத் தெரியும் முறை அது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒப்பீட்டு மாதிரி. கைதிகள் தங்கிய கட்டடங்களிலும் எடுத்தார்கள். 1942-இல் பேனால் பரவும் டைஃபஸ் காய்ச்சல் வந்தபோது அங்கே ஒருமுறை சைக்ளோன்-பி புகை போட்டிருக்கக்கூடும். அங்கே சயனைடு இல்லை. கொலை அறைகளின் இடிபாடுகளில் இருந்தது. விஷவாயு அறையும் பிணம் எரிக்கும் உலைகளும் இருந்த 2-ஆம் எண் கட்டடத்தில் கிலோவுக்கு 600 மைக்ரோகிராமுக்கு மேலேகூட. எப்போதோ ஒருமுறை புகை போட்டதால் வந்த மிச்சம் என்ற சாக்கு அதோடு போயிற்று. ஒப்பீட்டு மாதிரியைப் பற்றிப் பேசாத வீடியோவை நம்பாதீர்கள்.

கடைசியாக, பேச்சு சுவருக்குள்ளேயே சுற்ற விடாதீர்கள். யூத இனப்படுகொலையை மறுத்த பிரிட்டிஷ் எழுத்தாளர் டேவிட் இர்விங் தொடுத்த அவதூறு வழக்கில் 2000-இல் லண்டன் நீதிபதி சார்லஸ் கிரே லூக்டர் அறிக்கையை ஏற்கவில்லை. ஆவணங்களும் கைவசம் இருக்கின்றன. 1943 பிப்ரவரியில் ஆஷ்விட்ஸ் கட்டுமான அலுவலகம், பிணம் எரிக்கும் உலைகளைச் செய்த டோப்ஃப் நிறுவனத்திடம் 2-ஆம் எண் கட்டடத்துக்காக வாயு கண்டறியும் கருவிகள் 10 கேட்டுத் தந்தி அடித்தது. மார்ச் 2 தேதியிட்ட பதிலில் அவை ஹைட்ரஜன் சயனைடு மிச்சத்தைக் காட்டும் கருவிகள் என்றே எழுதியிருக்கிறது. பிணம் எரிக்கும் கட்டடத்தில் அதற்கு என்ன வேலை என்று வீடியோ அனுப்பியவரிடம் கேளுங்கள்.